தீவாந்தரம் சென்றோர்

நுழையும்முன்

வீட்டுப் பெரியவர்கள் முன்னோர் கதை சொல்லும்பொழுது ஓரிடத்தில் குரல் தாழ்வதுண்டு. “அவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை” என்பதோடு பேச்சு நின்றுவிடும். விரும்பிப் போனாரா, விலங்கிட்டு அனுப்பப்பட்டாரா என்னும் வினாவிற்கு வீட்டில் விடை இராது. அரசு பதிவேட்டின் ஒரு வரியில் அது இருக்கக்கூடும். அவ்வரியைத் தேடிச் செல்லும் வழியைப் பற்றியது இப்பாடம்.

தீவாந்தரம் என்னும் சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் ‘தீவாந்தரம்’ என்ற சொல் அச்சத்தோடு ஒலித்தது. வேறொரு தீவு என்பதே அதன் நேர்ப்பொருள். வழக்கிலோ, கைதியைக் கடல்கடந்த நிலத்திற்கு அனுப்பிவிடும் தண்டனையை அது குறித்தது. கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சென்னை மாகாணத்திலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்டோர் பினாங்கு, சுமத்திரா தீவின் பென்கூலன், மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களைக் கண்டனர். பிற்காலத்தில் அந்தமான் அவ்விடத்தைப் பெற்றது. கடல் கடத்தல் உறவையும் குலத்தையும் இழப்பதற்கு ஒப்பென்று கருதப்பட்ட காலம் அது. தூக்கினும் தீவாந்தரம் கொடிது என்று பலர் நடுங்கியதற்குக் காரணம், சாவு அன்று. ஊரார் நினைவிலிருந்தே நீங்கிவிடுவோம் என்னும் எண்ணம்.

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இத்தண்டனை நடைமுறையில் இருந்தது. 1788 முதல் 1868 வரை பிரித்தானியப் பேரரசு ஒரு இலட்சத்து அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட கைதிகளை ஆஸ்திரேலியாவில் இறக்கியது. அவர்களுள் அயர்லாந்து நாட்டவர் பெருந்தொகையினர். அயர்லாந்திலிருந்து நேரே கைதிகளைச் சுமந்துசென்ற முதற்கப்பல் ‘குயீன்’, 1791இல் சிட்னியை அடைந்தது. ரொட்டியோ ஆடோ திருடியவனும் அக்கப்பல்களில் இருந்தான்; ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்தவனும் இருந்தான். பதிவேடு எழுதிய கைக்கு இருவரும் ஒன்றே.

தமிழகத்துக் கப்பல்களிலும் அவ்வாறே.

தூத்துக்குடியில் ஒரு சிறுவர்

1801 அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதனோடு கும்பெனியாரின் சினம் அடங்கவில்லை. போரில் பிடிபட்டவர்களுள் எழுபதுக்கும் மேற்பட்டோரை நாட்டை விட்டே அகற்றுவதென முடிவு செய்யப்பட்டது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடித் துறையிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு நோக்கிப் பாய்விரித்தது. சிவகங்கை அரசராயிருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவர் அக்கூட்டத்தில் ஒருவர். பின்னர்ப் பென்கூலனில் அவர் உயிர் நீத்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி மற்றொருவர். அவர் அப்பொழுது மீசை அரும்பாத இளைஞர்.

துரைச்சாமியின் வரலாறு இன்று ஓரளவேனும் தெரிவதற்குக் காரணம், அவரைக் காவல் காத்த பகைவரின் நினைவுக் குறிப்பே. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, போருக்கு முன்னர் அமைதிக் காலத்தில் சிறுவயலுக்குச் சென்று சின்ன மருதுவின் விருந்தினராய் இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று அவர் எழுதியுள்ளார். விருந்தளித்தவரின் மகனே, சில ஆண்டுகள் கழித்து, தூத்துக்குடியில் அவருடைய காவலில் விலங்கோடு நின்றார். விலங்கின் பாரத்தைச் சிறிது குறைக்கவே அவரால் இயன்றது.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே தளர்ந்து ஒடுங்கிய முதியவர் ஒருவர் அவர்முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை; யார் என வினவினார். வந்தவர் ‘துரைச்சாமி’ என்று தம் பெயரை மட்டும் சொன்னார். அப்பெயர் தம் நெஞ்சைத் துளைத்ததாக வெல்ஷ் பதிவு செய்துள்ளார். கணக்கிட்டுப் பார்த்தால் துரைச்சாமிக்கு அன்று முப்பதைச் சற்றே கடந்த வயதுதான் இருந்திருக்கும். முதியவர் என்று கண்ணுக்குத் தோன்றியவர் நடுவயதையும் எட்டாதவர்! தீவாந்தரம் என்பது யாது என்பதற்குப் பல பக்க விளக்கத்தைக் காட்டிலும் இந்த ஒரு வேறுபாடு போதும்.

வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் 1830இல் இலண்டனில் இரு தொகுதிகளாக அச்சேறின. அந்நூல் எழுதப்படாதிருந்தால் பினாங்குத் தெருவில் நின்ற அந்த மனிதரை எவரும் அறிந்திரார். அவருடன் சென்ற ஏனையோருள் பெரும்பாலாருக்கு ஒரு வெல்ஷ் வாய்க்கவில்லை. அவர்களுக்கு வாய்த்தவை பதிவேடுகள் மட்டுமே.

பெயர் படும் பாடு

முன்னோரைத் தேடுவோர் முதலில் இடறி விழும் இடம், பெயர். வெல்ஷின் நூலில் சின்ன மருது ‘சீன முர்டூ’ ஆகியிருக்கிறார். துரைச்சாமி ‘டோரா சுவாமி’ ஆகியிருக்கிறார். பழகியவர் எழுதியதே இவ்வாறெனில், கைதியின் முகத்தைப் பார்க்காமல் காதில் விழுந்ததை எழுதிய எழுத்தரைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. தமிழின் ழகரமும் ளகரமும் ஆங்கில எழுத்தில் ஒன்றாயின. நெடில் குறிலாயிற்று. தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும் தமிழ் வழக்கம் புரியாமையால், சில இடங்களில் தந்தையே குற்றவாளி போலத் தோன்றுவார். ஊர்ப்பெயரின் நிலையோ இன்னும் மோசம். புதூர் என்று எழுதியிருந்தால் எந்தப் புதூர்? தமிழகத்தில் மாவட்டந்தோறும் ஒரு புதூர் உண்டு.

எனவே தேர்ந்த ஆய்வாளர் ஒரு பெயரைத் தேடுவதில்லை. அப்பெயரை ஆங்கிலேயர் செவி எவ்வெவ்வாறு கேட்டிருக்கும் எனப் பத்துப் பன்னிரண்டு வடிவங்களை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு தேடுவார். முத்துக்கருப்பன் என்னும் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, தமிழறியாதவர் அதனை எங்கே வெட்டி எங்கே ஒட்டியிருப்பார் என ஊகிக்க வேண்டும். ஒலியியல் பாடத்தில் படிக்கும் செய்திகள் இங்கே பயன்படுவது பலருக்கு வியப்பளிக்கும்.

பெயர் கைவிட்டாலும் உடல் கைவிடாது. தப்பியோடினால் பிடிப்பதற்காகக் கைதியின் அங்க அடையாளங்கள் எழுதப்பட்டன. வயது, உயரம், தழும்பு, மச்சம், குலம், தொழில், குற்றம், தண்டனைக் காலம் என அவை தொடரும். ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடிய வழக்கமும் வங்காள, சென்னை மாகாணங்களில் இருந்தது. 1849இல் அது கைவிடப்பட்டது. வேறு எந்த ஏழை உழவரின் முகத்தையும் அக்காலத்தில் எவரும் இவ்வளவு கூர்ந்து நோக்கி எழுதியதில்லை. அக்கறையால் எழுதியதன்று, ஆயினும் எழுதப்பட்டுவிட்டது.

எரிந்ததும் எஞ்சியதும்

இதனை அயர்லாந்து மக்கள் நன்கறிவர். 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரின் நான்கு நீதிமன்றக் கட்டடத் தொகுதி தீக்கிரையானது. அங்கிருந்த பொது ஆவண அலுவலகமும் உடன் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கேடுகளுள் மிகப் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1836க்கு முற்பட்ட நாடுகடத்தல் பதிவேடுகளும் அத்தீயில் மறைந்தன. ஆனால் கைதிகளும் அவர்தம் உறவினரும் அரசுக்கு எழுதிய கருணை விண்ணப்பங்கள் டப்ளின் கோட்டையில் வேறிடத்தில் இருந்தமையால் தப்பின. விளைவு விந்தையானது. ஒழுங்காய் வாழ்ந்து ஊரிலேயே மடிந்த குடியானவரின் பெயர் அழிந்தது. ஆடு திருடிக் கப்பலேறியவருக்காக மனைவி எழுதுவித்த விண்ணப்பம் இருக்கிறது. கணவரோடு தானும் ஆஸ்திரேலியா செல்ல இசைவு வேண்டிய பெண்களின் மடல்களும் அவற்றுள் உள.

ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் கைதி முன்னோரைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. அதனைக் குடும்பத்தின் கறை என்றே எண்ணினர். சில வீடுகளில் ஆண்டுகளையும் கப்பல் பெயரையும் மாற்றிச் சொல்லி, முன்னோரைத் தாமாக வந்து குடியேறியவராக்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. 1988இல் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி, அயர்லாந்து அரசு தன்னிடமிருந்த நாடுகடத்தல் ஆவணங்களின் நுண்படச் சுருள்களை ஆஸ்திரேலியாவிற்குப் பரிசாக அளித்தது. முப்பாட்டனின் குற்றப் பதிவைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வீடுகளை இன்று அங்கே காணலாம்.

இத்தேடல் சில வேளைகளில் சென்னைக்கும் வந்து சேர்கிறது. கும்பெனிப் படையில் அயர்லாந்து வீரர் மிகப் பலர் பணியாற்றினர். இந்தியாவில் படை நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்ட ஐரோப்பிய வீரர்களும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே சிட்னியில் வாழும் ஒருவர் தம் அயர்லாந்து முன்னோரின் குற்றம் யாதென அறியப் புனித ஜார்ஜ் கோட்டையின் பதிவுகளைப் புரட்ட நேரலாம்.

எழும்பூரில் ஒரு காலைப்பொழுது

அப்பதிவுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1909ஆம் ஆண்டு முதல் அச்செங்கல் கட்டடம் அவற்றைக் காத்து வருகிறது. மயிலாப்பூர் மாடவீதியிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ புறப்படும் மாணவர் ஒரு மணி நேரத்திற்குள் அங்கே சென்றுவிடலாம். ஆனால் சென்ற அன்றே முப்பாட்டனைக் கண்டுவிடலாம் என எண்ணுதல் கூடாது. அங்கே பதிவுகள் மனிதர் பெயரால் அடுக்கப்படவில்லை. துறையாலும் ஆண்டாலும் நாளாலும் அடுக்கப்பட்டுள்ளன. எனவே வீட்டில் கேட்ட கதையிலிருந்து ஓர் ஆண்டையேனும் பிழிந்தெடுத்துக்கொண்டு செல்ல வேண்டும். எந்தப் பஞ்சத்திற்குப் பின்? எந்தப் போரின்போது? எந்தப் பிள்ளை பிறந்த பிறகு? பாட்டியின் நினைவில் ஆண்டு இராது. ஆனால் இவை இருக்கும்.

ஆண்டு ஓரளவு தெரிந்தால் படைத்துறை, நீதித்துறை ஆலோசனைப் பதிவுகளின் அட்டவணைகளைப் பார்க்கலாம். அவற்றில் மாவட்ட நீதிபதியின் கடிதம், கைதிகளைத் துறைமுகத்திற்கு அனுப்பிய ஆணை, கப்பல் தலைவரோடு செய்த ஏற்பாடு, செலவுக் கணக்கு என ஒரே நிகழ்ச்சி நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். செலவுக் கணக்கைப் பெரும்பாலோர் தள்ளிவிடுவர். அது தவறு. கைதிகளுக்கு வாங்கிய கம்பளி, அரிசி, தண்ணீர்ப் பீப்பாய் ஆகியவற்றின் கணக்கே, எத்தனை பேர் ஏறினர் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றாக அமைவதுண்டு. கணக்கில் ஆள் குறைந்தால் பணம் குறையுமல்லவா?

சென்னை மத்திய சிறையின் நினைவும் இத்தேடலோடு சேர்ந்தது. 1837இல் எழுந்த அச்சிறை, அந்தமானுக்கு அனுப்பப்படுவோர் தங்கிச்சென்ற இடமாகவும் இருந்தது. மத்திய தொடர்வண்டி நிலையத்தின் அருகே நின்ற அதன் கட்டடங்கள் 2009இல் இடிக்கப்பட்டன. சுவர் போயிற்று, தாள் இருக்கிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. அரசு பதிவு காட்டாத ஊர்ச்செய்திகளுக்கு அவ்வகைத் திரட்டுகளே துணை. கடலுக்கு அப்பால் சென்ற பின் நிகழ்ந்தவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக்காப்பகமும் இலண்டன் பிரித்தானிய நூலகமும் வைத்திருக்கின்றன.

முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும்

சிங்கப்பூரில் அவர்கள் என்ன செய்தனர்? 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பென்கூலன் கைமாறியது. அங்கிருந்த இந்தியக் கைதிகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். 1825 ஏப்ரலில் வந்த முதற்குழு சென்னை மாகாணத்தவர் எண்பதின்மரைக் கொண்டது. சதுப்பைத் தூர்த்தனர், சாலை இட்டனர், செங்கல் சுட்டனர். நன்னடத்தை உடைய கைதிகளையே பிற கைதிகளுக்குக் காவலராக்கும் முறை அங்கே வளர்ந்தது. அக்கைதிகளுக்குப் பொறுப்பாளராய் இருந்த மெக்நேர், 1899இல் எழுதிய நூலுக்கு அதனையே தலைப்பாகவும் வைத்தார்.

சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம் 1856இல் தொடங்கி இக்கைதிகளின் உழைப்பால் எழுந்தது. 1862இல் வழிபாட்டிற்குத் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் உட்சுவர்ப் பூச்சு ‘சென்னைச் சுண்ணாம்பு’ எனப் பெயர் பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்துக் களியாக அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் கலந்து பூசினர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பளிங்கு போல் மின்னும் தூண்களைத் தொட்டுப் பார்த்தவருக்கு இக்கைவினை புதிதன்று. விலங்கோடு சென்றவர்கள் கையோடு கொண்டு சென்ற பொருள் ஏதுமில்லை. கைத்திறனைப் பறிக்க எவராலும் இயலவில்லை.

1873இல் சிங்கப்பூர்க் கைதிக் குடியிருப்பு கலைக்கப்பட்டது. சிலர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். விடுதலை பெற்றோரிற் பலர் அங்கேயே தங்கி, மாடு வைத்தும் வண்டி ஓட்டியும் பிழைத்தனர். அவ்வூர்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் பிள்ளைகள் தந்தையின் பதிவு எண்ணைச் சொல்லி வளர்ந்திருப்பார்களா? அங்கேதான் பல குடும்பங்களின் நூல் அறுபடுகிறது. அந்தமானில் நிலைமை வேறு. 1858இல் தொடங்கிய அக்குடியேற்றத்தில் தங்கிவிட்ட கைதிகளின் வழித்தோன்றல்கள் ‘உள்ளூர்ப் பிறந்தோர்’ என்னும் பெயருடன் தனிச் சமூகமாகவே வாழ்கின்றனர். தம் பிறப்பை அவர்கள் மறைப்பதில்லை.

அடையாற்றில் ஓர் அயர்லாந்துப் பெண்மணி

சிறைப்பட்டதை மறைப்பதா, சொல்வதா என்னும் வினாவிற்குச் சென்னையின் அடையாற்றிலேயே ஒரு விடை வாழ்ந்தது. மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தின் பாயில் என்னும் ஊரில் 1878இல் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சிறை சென்றார். பின்னர் இந்தியா வந்து, 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்றார். 1932இல் பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காக ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். இவற்றில் எதனையும் அவர் ஒளித்ததில்லை. ஆனால் அவர் எழுதத் தெரிந்தவர். தம் வழக்கைத் தாமே சொல்லக் கூடியவர். தூத்துக்குடியில் கப்பலேறியவர்களுக்காகப் பேசியவை பிறர் எழுதிய வரிகளே.

வரியின் மறுபக்கம்

தேடுவோர் ஒன்றை முன்னரே மனத்தில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் ‘கலகம்’ என்று இருந்தால், அதனை விடுதலைப் போர் என்று படிக்க இன்றைய வாசகருக்கு எளிது. ‘கொள்ளை’ என்று இருந்தால்? பாளையக்காரரின் படைவீரரையும் காவல்காரரையும் கும்பெனி எழுத்தர்கள் கொள்ளையர் என்றே எழுதியதுண்டு. ஆதலால் அச்சொல்லை அப்படியே நம்புதல் ஆகாது. அதேவேளை, கப்பலேறிய ஒவ்வொருவரையும் மருதுவின் படைவீரராக ஆக்கிவிடுதலும் உண்மைக்குப் பொருந்தாது. பசியால் நெல் திருடியவர் இருந்தார். சினத்தால் அண்டை வீட்டாரைக் கொன்றவரும் இருந்தார். ஐந்தாறு மாதங்கள் அலைந்து கண்டெடுத்த வரியில் அத்தகைய குற்றம் இருந்தால், பெயரன் அதனை வீட்டில் எவ்வாறு சொல்வான்?

ஒரு வழி உண்டு. வரியை ஒன்றாகப் படிக்காமல், ஒவ்வொரு கட்டமாகப் படிப்பது. குற்றம் என்ற கட்டத்தின் பக்கத்திலேயே தொழில் என்ற கட்டம் இருக்கிறது. அதில் கொல்லர், தச்சர், உழவர், நெசவாளர் என்று எழுதியிருக்கும். அதற்கடுத்து இடது முழங்கையில் ஒரு தீத்தழும்பு என்றிருக்கும். அத்தழும்பு எப்படி வந்தது என்று எழுத்தர் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கேனும் தெரிந்திருக்கலாம். தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தில் கடல் கடந்து சென்று திரும்பாதவர் எவரேனும் உண்டா என மூத்தோரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுக. அவர் பெயரைத் தமிழறியாத ஒருவர் ஆங்கிலத்தில் எவ்வெவ்வாறு எழுதியிருக்கக்கூடும் என ஐந்து வடிவங்களை ஊகித்து வகுப்பில் பகிர்க.

பினாங்கில் வெல்ஷின் முன் நின்ற துரைச்சாமி, சிவகங்கைச் சீமைக்கு ஒரு மடல் எழுதியிருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்? ஒரு பக்க அளவில் எழுதுக.